மகப்பேற்று ஊசியும் வினைப்பயனும்

மக்கட்பேறு இல்வாழ்வார் விரும்பும் பேறுகளுள் முற்பட எண்ணப்படுவது. திருவள்ளுவனார் தம் நூலின் 7-ஆம் அதிகாரத்தில் அதனை வைத்தார். 38-ஆம் அதிகாரத்தில் ஊழையும், 62-ஆம் அதிகாரத்தில் ஆள்வினையுடைமையையும், 95-ஆம் அதிகாரத்தில் மருந்தையும் வைத்தார். நூலுள் தனித்தனியே இடம்பெற்று நிற்கும் இந்நான்கும் ஓரில்லத்தே ஒருங்குவந்து முட்டுங்கால், அவ்வில்லத்தார் எதனைக் கைக்கொள்வது, எதனை விடுவது என்னும் வினா எழுகின்றது. மணம் முடித்துப் பல்லாண்டு மகவின்றி வருந்திய சைவநங்கை ஒருத்தி, மருத்துவர் விதித்தபடி நாடோறும் தன் வயிற்றில் ஹார்மோன் ஊசி ஏற்றிக்கொள்கின்றாள் என வைத்துக்கொள்க. வினையில் இருந்தால் தானே வரும், இல்லையேல் ஊசி கொண்டு தருமோ என்பார் ஒருசாரார். இறைவன் கொடாததனை மருத்துவன்பாற் கேட்டல் சிவாபராதம் என்பார் மற்றொருசாரார். இவ்விருவர் சொல்லையும் கேட்டு, வைகறையிற் றிருநீறணிந்து பூசை முடித்து எழுங்கால், தன் பத்தியிற் குறையுண்டோ என அவளே தன்னை ஐயுறுகின்றாள். பிறர் வினாவினும் இவ்வையமே கொடிது. ஆதலின் இது சித்தாந்த முறையான் ஆராயற்பாற்று.

சிகிச்சையின் இயல்பறியாது அதன்மேற் றீர்ப்புக் கூறுதல் முறையன்று. மகளிர் சூலகத்தில் திங்கள்தோறும் சினைமுட்டைகள் பல வளரத் தொடங்கினும், இயல்பாக முற்றி வெளிப்படுவது பெரும்பாலும் ஒன்றே, ஏனைய வாடியொழியும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி தன் நீரை அளவாகவே சுரத்தலின் இங்ஙனம் நிகழ்கின்றது. அந்நீரைப் புறத்தேயிருந்து மிகுதியாகச் செலுத்தின், வாடவிருந்த முட்டைகளும் உடன்வளரும். கொப்பூழின் கீழ்த் தோலை மடித்துப் பிடித்து, நாடோறும் குறித்த ஒரே வேளையில், 8 நாள் முதல் 14 நாள் வரை இவ்வூசி ஏற்றப்படும். இடையிடையே இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நிகழும். முட்டைகள் பருத்தபின் அவற்றை முற்றுவிக்க வேறோர் ஊசி உண்டு; அதனைச் செலுத்தி ஏறக்குறைய 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை நுண்ணூசியால் உறிஞ்சி எடுப்பர். கண்ணாடிக் கலத்தில் விந்தணுவோடு கூடிக் கருவானதனை 3 அல்லது 5 நாள் வளர்த்துக் கருப்பையில் வைப்பர். அதன்பின்னும் புரோஜெஸ்டிரோன் என்னும் மருந்து பல நாள் தொடரும். அது எண்ணெயிற் கலந்த ஊசியாயின், இடுப்பின்கீழ்த் தசையில் இறங்குங்கால் மிக்க நோவு தருவது.

வயிறு உப்புதலும், தலைநோவும், குத்திய இடம் கன்றி நீலம்பாய்தலும், காரணமின்றி அழுகையும் சினமும் எழுதலும் இதன்கண் இயல்பாக நிகழ்வன. அரிதாகச் சூலகம் மிகப்பருத்து, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறும் இடையூறும் உண்டு. இவற்றையெல்லாம் பொறுத்த பின்னரும், கரு பற்றியதோ இல்லையோ என இரண்டு வாரம் காத்திருத்தல் வேண்டும். ஊசியின் நோவினும் அக்காத்திருப்பே பெருநோவு என்பது அதனை உற்றார் அறிவது.

இம்மருந்து பிறந்த வரலாறும் சைவர் அறியத்தக்கதே. தீட்டு நின்ற முதுமகளிர் உடலில் இச்சுரப்பு மிகுந்து சிறுநீர் வழியே கழியும். சென்ற நூற்றாண்டின் நடுவில் இத்தாலி தேயத்து ஸெரோனோ என்னும் மருந்துச்சாலையார் அதனைப் பிரித்தெடுக்க முயன்றபோது, பெருந்திரளாகச் சிறுநீர் வேண்டியிருந்தது. அதனை அந்நாட்டுக் கன்னிமாடங்களில் வாழ்ந்த முதிய கிறித்தவத் துறவியர்பாற் பெற்றனர். அம்மருந்தினை புரூனோ லுனன்பெல்ட் என்னும் மருத்துவர் இஸ்ரேல் தேயத்தில் ஆள, 1962-இல் அதனாற் கருவுற்ற முதன்மகவு பிறந்தது. மகவு வேண்டாது துறந்தார் உடலிற் கழிந்தது, மகவு வேண்டி அழுதார்க்கு மருந்தாயிற்று. பின்னர் 1990-ஆம் ஆண்டுகளில், உயிரணுக்களைக் கொண்டு சாலையிலேயே அதனை ஆக்கும் முறையும் வந்தது.

சிறுநீரிற் பிறந்தது தீட்டன்றோ எனின், ஆனைந்தினுள் கோசலமும் ஒன்றாய் இறைவன் திருமுடிமேல் ஆடப்படுதல் அறிந்தார் அங்ஙனம் வினவார். உடம்பும், உடம்பினின்று கழிவதும், உடம்பிற்கு மருந்தாவதும் எல்லாம் மாயையின் காரியமே.

படைத்தல் இறைவன் தொழில். அதனை மருத்துவன் கைக்கொள்ளுதல் வரம்பு கடத்தல் என்பாரும் உளர். சித்தாந்தத்தில் படைப்பென்பது யாது? இல்லாத உயிரை உண்டாக்குதலன்று. உயிர் அநாதி. மாயையாகிய முதற்காரணத்தினின்றும், தன் சத்தியாகிய துணைக்காரணத்தைக் கொண்டு, இறைவன் நிமித்தகாரணனாய் நின்று தனு கரண புவன போகங்களை ஆக்கி, வினைக்கீடாக உயிரை அவற்றொடு கூட்டுதலே படைப்பு. இதன்கண் தாய்தந்தையர் படைப்போராதல் என்றும் இல்லை. கருப்பைக்குள் நிகழ்ந்தாலும் கண்ணாடிக் கலத்துள் நிகழ்ந்தாலும், உயிரைக் கூட்டுவது மருத்துவன் கையிலில்லை. நன்றாக வளர்ந்த கருவென்று கண்டு வைத்ததும் பற்றாதொழிதலும், ஐயத்துடன் வைத்தது மகவாய்ப் பிறத்தலும் அவனறிந்தனவே. எனவே தன் தொழிலிற் றெளிவுடைய மருத்துவன் படைப்புத் தொழிலைக் கைக்கொண்டேன் என்னான். கூட்டுவான் ஒருவன் உளன் என்பதற்கு அவன் தொழிலே சான்று பகரும்.

இனி, தலையாய தடைக்கு வருதல் வேண்டும். பேறு, இழவு, இன்பம், பிணி, மூப்பு, சாக்காடு என்னும் ஆறும் கருவினுள்ளே அமைந்தன என்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் வலியுறுத்திய பொருள். அங்ஙனமாயின் மகப்பேறு இல்லையென்று அமைந்தார்க்கு ஊசியால் ஆவதென்னை? இத்தடை வலியுடையதே, மேற்போக்காகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அதன்கண் ஒரு வழு மறைந்து கிடக்கின்றது. ஆறும் அமைந்தன என்றாரேயன்றி, இன்னார்க்கு இன்னது அமைந்தது என்பதனை அயலார் அறிவர் என்று ஆசிரியர் யாண்டும் கூறிற்றிலர். மகவின்றிப் பத்தாண்டு கழிந்தமை பத்தாண்டு வரை கழிந்த வினையைக் காட்டுமேயன்றிப் பதினோராம் ஆண்டின் வினையைக் காட்டாது. அவள் வினையில் இல்லை என்று சொல்லுவான், இறைவன் ஒருவனே அறிந்த கணக்கினைத் தானும் கண்டான் போலச் சொல்லுகின்றான். பேறு அமைந்திருப்பின் அஃது ஏதேனும் ஒரு வாயில்வழியே வருதல் வேண்டும். வினை சடமாகலின் தானே நடந்துவந்து பயனூட்டாது. உழவனுக்கு விளைவு அமைந்திருப்பினும் அஃது ஏர்வழியே வருகின்றது. மருத்துவமும் அத்தகையதோர் வாயில். வாயிலை அடைத்துவிட்டுப் பொருள் வரவில்லை என்பது வினைக்கொள்கையாகாது.

அவ்வாசிரியரே, இறைவன் இன்ப துன்பங்களை ஊட்டி வினையைத் தீர்க்குமாற்றிற்கு மருத்துவனையே உவமையாக எடுத்தனர். சில நோயை அறுத்தும் கீறியும், சில நோயைச் சர்க்கரையும் பாலும் கலந்து கொடுத்தும் தீர்ப்பான் அவன் என்றனர். மருத்துவன் தொழில் இறைவன் திருவுள்ளத்திற்கு மாறாயின் அத்தொழில் அவனுக்கு உவமையாதல் யாங்ஙனம்? திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொடிமாடச்செங்குன்றூரை அடைந்தபோது, உடன்வந்த அடியார்க்கு நளிர்சுரம் வந்துறுமோ என்னும் அச்சம் எழுந்தது. அஃது அந்நாட்டின் இயல்பு என்றும் கூறப்பட்டது. பிள்ளையார் அதனைக் கேட்டு, வினைப்பயன் இதுவென்று அமைந்திருமின் என்றிலர். இவ்வினைக்கு இது பயன் என்று பேசிக்கொண்டே உய்யும் வழியைத் தேடாதிருத்தல் குறையன்றோ என்னும் கருத்தமையத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தனர். வினை பேசிச் சோம்பியிருத்தலை விலக்கிய திருவாக்கு அதனினும் வெளிப்படையாக வேண்டுமோ?

மெய்கண்ட தேவர் திருவவதார வரலாறு இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தித் திருத்துறையூரில் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தனர். அவர், வினையை நொந்து வீட்டில் இரும் என்று சொல்லித் திருப்பி விட்டிலர். திருமுறையைப் பூசித்துக் கயிறு சாத்திப் பார்த்தனர். பிள்ளையாரது திருவெண்காட்டுப் பதிகத்தில், முக்குளத்து நீராடினார்க்கு மகப்பேறு முதலியன உண்டாம் என்னும் திருப்பாட்டு வந்தது. களப்பாளர் மனைவியோடு திருவெண்காடு சென்று நீராடி வழிபட்டிருந்தனர். ஒருநாள் கனவில் இறைவன் தோன்றி, இப்பிறவியில் உனக்கு மகப்பேறில்லை என்றருளினான். களப்பாளரோ, பிள்ளையார் திருவாக்கை நம்பிவந்தேன். இப்பிறவியில் இல்லையேனும் வருபிறவியிலேனும் ஆகுக என்று துணிந்தனர். அத்துணிவுக்கு இரங்கி இறைவன் அருள, தோன்றிய மகவே சுவேதவனப்பெருமாள் என்னும் மெய்கண்டார். இல்லை என்ற வினைக்கணக்கினை இறைவன் வாயாற் கேட்ட பின்னரும் நீராடுதலை விடாத ஒருவர் மகவாகவே இச்சமயத்தின் முதலாசிரியர் பிறந்தனர். திருத்துறையூர்க் குருவே பின்னர் அம்மகவுக்கு மாணாக்கராகி அருணந்தி எனப் பெயர்பெற்றனர்.

அது திருவருள், ஊசியன்றே எனின், நன்று. களப்பாளர் செய்ததும் திருவருளை வீட்டிலிருந்து நினைத்தல் மாத்திரையன்று. வழிநடந்ததும் நீரில் மூழ்கியதும் உடம்பின் தொழிலே. மருந்தினையும் அருளின் வாயிலாகக் கொண்டு வழிபாட்டொடு உண்பவள் அவ்வழியினின்றும் வழுவியவளல்லள். மருந்தே தருவது என்று செருக்கி வழிபாட்டைக் கைவிடுவாள் உளளாயின், தடை அவள்மேற் செல்லும். ஊசி ஏற்றிக்கொள்வாருட் செருக்குடையாரைக் காண்டல் அரிது. அஞ்சி நடுங்குவாரே பலர்.

வினைக்கொள்கை, தனக்கு வந்த துன்பத்தைத் தான் பொறுத்தற்குக் கிடைத்த துணை. பிறர்க்கு வந்த துன்பத்திற்குக் காரணங்காட்டி அவரை அடித்தற்குக் கிடைத்த கோலன்று. மலடி என்னும் சொல்லை ஒருத்தியின் காதுபடச் சொல்லுவாள், அவள் பழவினையை விளக்குகின்றாளல்லள். தனக்குப் புதுவினையாகிய ஆகாமியத்தை ஈட்டிக்கொள்கின்றாள். மகவின்மைக்குக் குறை ஆண்பாலினும் உண்டென்பதும், பலவிடத்து அவ்வாறே உளதென்பதும் இன்று ஐயமின்றித் தெளிந்தவை. விந்தணு குறைவுற்ற ஆடவர்க்கும் மகவு கிடைக்குமாறு, ஒரு விந்தணுவை நுண்ணூசியால் முட்டையுள்ளே செலுத்தும் முறையாற் கருவுற்ற பேற்றினை 1992-இல் பெல்ஜியம் தேயத்தார் வெளியிட்டனர். அம்முறையிலும் நாடோறும் ஊசி ஏற்கும் உடல் மனைவியினதே. குறை ஒருவர்பால் இருப்ப, நோவு மற்றொருவர்பால் நிகழ்கின்றது. இந்நிலையிற் றன் பரிசோதனைக்கு நாணி, குறையை மறைத்து, மனைவியை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பி, ஊரார் அவளைப் பழிக்குங்கால் வாய் வாளாதிருக்கும் கணவன் செய்வது வஞ்சனை. சைவநூல்கள் விலக்கிய பொய்யும் களவும் கொலையும் போல இதுவும் உயிரைச் சுடுவதே.

கோச்செங்கட்சோழ நாயனார் தாய் கமலவதியார் வரலாற்றை ஈண்டு நினைத்தல் தகும். ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் இம்மகவு மூவுலகும் ஆளும் எனக் கணிகள் கூறக்கேட்டு, தம்மைத் தலைகீழாகத் தூக்கிக் கட்டுமாறு தாமே பணித்து, அந்நாழிகை கழிந்தபின் ஈன்று, சிவந்த கண்ணையுடைய மகவைக் கண்டு பெயர்சொல்லி உயிர்நீத்தார் அவ்வம்மையார். தாய்மையின் பொருட்டு உடம்பை வருத்திக்கொள்ளுதலைச் சேக்கிழார் பெருமான் இகழ்ந்திலர். ஆயினும் அவர் பாடலிற் பணித்தவர் அம்மையாரே. கணவனோ மாமியோ கணிகளோ கட்டுவித்தாரல்லர். இவ்வேறுபாடு சிறிதன்று. ஊசி ஏற்பவள் தானே விரும்பி ஏற்பின் அது தவம் போல்வது. பிறர் நெருக்குதலால் ஏற்பின், அந்நெருக்குதல் அவர்க்கு வினையாம். முன்முறை தோற்று, இரண்டாம் முறையும் தோற்று, இனி வேண்டாம் என்று அவள் சொல்லுங்கால், அச்சொல்லுக்குமேல் ஒரு சொல் அவ்வில்லத்தில் இருத்தலாகாது.

வறுமையால் தன் சினைமுட்டையைப் பிறர்க்கு ஈயும் மகளிரும் இதே ஊசியை ஏற்கின்றனர். அவர்க்கு இறுதியில் மகவும் இல்லை. 2021-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், ஒருத்தி வாழ்நாளில் ஒருமுறையே ஈயலாம் என்றும், 7 முட்டைகட்குமேல் எடுத்தலாகாது என்றும் வரையறுத்தது. வரையறை வேண்டியதாயிற்று என்பதே, வரையறையின்றி நிகழ்ந்தது யாதென்பதனைக் காட்டும். ஒருத்தி வயிறு குளிர மற்றொருத்தி வயிற்றிற் பன்முறை ஊசி ஏற்றுதல் சிவபுண்ணியம் ஆகாது. எஞ்சிய கருக்களைக் குளிரில் உறையச்செய்து 10 ஆண்டுக்கு மேற்படாமல் வைக்கலாம் என்றும், அதன்பின் அழியவிடுதலோ ஆராய்ச்சிக்கு அளித்தலோ செய்க என்றும் அச்சட்டமே கூறும். உயிர் எக்கணத்திற் கருவொடு கூடுகின்றது என்பது மருத்துவக் கண்ணாடிக்குத் தோன்றாது. கூடியிருத்தல் கூடும் என்னும் ஐயம் ஒன்றே, கொல்லாமை பேணுவார்க்குப் போதிய தடை. எத்துணை முட்டைகளைக் கருவாக்குவது என்பதனைத் தொடக்கத்தே மருத்துவரைக் கேட்டு, வேண்டுமளவிற்கே ஒருப்படுதல் சைவ இல்லறத்தார்க்கு உரிய செயல். கருவாக்கிய பின்னர் வருந்துதலிற் பயனில்லை.

இம்முயற்சிகளின் தொடக்ககால வரலாற்றில் ஒரு செய்தி நெஞ்சை உறுத்துவது. 1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இங்கிலாந்திற் பிறந்த முதற் சோதனைக்குழாய்க் குழந்தைக்கு ஹார்மோன் ஊசியின்றி இயல்பாக முற்றிய ஒரு முட்டையே பயன்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 3-இல் கல்கத்தாவில், மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய முயற்சியாற் பிறந்த குழந்தைக்கோ ஹார்மோன் ஊசியும், கருவை உறையவைத்தலும் ஆளப்பட்டன. பின்னாளில் உலகம் மேற்கொண்ட வழி அதுவே. ஆயினும் அவர் சொல் அக்காலத்து நம்பப்படவில்லை. 1981-இல் அவர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவர் குறிப்புக்கள் ஆராயப்பட்டு உண்மை தெளிந்தது பல்லாண்டு கழிந்த பின்னரே. பிறர் மடியில் மகவை வைத்தார்க்கு நேர்ந்தது இது.

முயன்றும் மகவு வாராதாயின் என் செய்வது? இங்கே தான் வினைக்கொள்கை தன் உண்மைப் பணியைச் செய்கின்றது. ஊசியின் நோவும், செலவான பொருளும், வாராத மகவும் பிராரத்தமாய் நுகர்ந்து கழிந்தன. புதல்வனைப் பெறாதார்க்குப் புத்தென்னும் நரகம் உண்டென்னும் வழக்கினைக் காட்டி அவளை அச்சுறுத்துவார் சொல் சித்தாந்தத்தில் நில்லாது. வீடுபேற்றிற்கு மலபரிபாகமும் சத்திநிபாதமும் வேண்டுமென்றனரேயன்றி மகப்பேறு வேண்டுமென்று ஒருவரும் கூறிற்றிலர். இறைவன் அம்மையே என்றழைத்த காரைக்காலம்மையார் பெற்ற மகவு யாது? திலகவதியார் பெற்ற மகவு யாது? தம்பியைத் திருநீறளித்து ஈன்றெடுத்தார் என்னலாமேயன்றி வேறில்லை.

சிறிய வினா ஒன்று எஞ்சுகின்றது. சிகிச்சை பெறும் மகளிர் பலர் உள்ளத்தில் இருப்பதும் அதுவே. மகப்பேறு வேண்டிக் கந்தசட்டி நோன்பிருப்பவள், ஊசி ஏற்கும் நாளில் ஆறு நாளும் உணவொழித்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை. பிணியாளர்க்கும், கருவுற்றார்க்கும், முதியோர்க்கும் உபவாசத்தைத் தளர்த்துதல் பெரியோர் வழக்கு. மருந்தேற்கும் உடம்பும் அவ்வகையிற் சேர்ந்ததே. பாலும் பழமும் கொள்க. மருத்துவர் கூறின் ஒருபொழுது சோறும் கொள்க. ஊசிக்குக் குறித்த வேளை பெரும்பாலும் மாலையில், வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தை ஒட்டி அமைகின்றது. விளக்கை முன்னர் ஏற்றி, நீறணிந்து, ஐந்தெழுத்தை எண்ணியபின் ஊசிக்கு இருக்கலாம். அவ்வேளையிற் கணவன் அருகிருந்து மருந்தினை அளந்து கொடுத்தல் நன்று. கை நடுங்குமாயின் ஊசியை அவனே செலுத்தவும் கற்றுக்கொள்ளலாம்.